நாற்பது கோட் சிவப்பு

ஊரார் சைரன் என்று அழைத்த அந்த மனிதர் முப்பத்தோரு வருடம் தீயணைப்பு நிலையத்தில் பம்ப் இயக்கியவர். பெயர்க் காரணம் அவர் தொண்டை. இவர் பேச ஆரம்பித்தால் வண்டியில் மணி எதற்கு என்று உடன் வேலை பார்த்தவர்கள் கேட்பார்கள்.

தீப்பிடிப்பது என்னவோ மாதத்தில் நாலைந்து நாள்தான். மீதி நாட்களில் சைரன் வண்டியைக் கழுவினார், துடைத்தார், வருடாந்திரச் சோதனைக்கு முன்னால் பெயிண்ட் அடித்தார். மேலதிகாரி வெள்ளைக் கைக்குட்டையால் வண்டியைத் தடவிப் பார்ப்பவர் என்பதால் ஆணி, கீல், படிக்கட்டின் அடிப்பக்கம் என்று எதற்கும் விதிவிலக்குத் தரவில்லை. ஒரு வருடம் நிலையத்துப் பல்லி ஒன்று ஒரு வாரம் சிவப்பாகத் திரிந்ததாகச் சொல்கிறார்கள். சைரன் அதை மறுக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற வருடமே வண்டிக்கும் ஓய்வு கொடுத்து, கடல் தாண்டி ஒரு தீவு ஊரின் தீயணைப்பு நிலையத்துக்குத் தானமாக அனுப்பிவிட்டார்கள். சைரன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

"எனக்கு ஆபரேஷன் நடந்தப்போ கூட ரெண்டு வேளை மூக்குப் பிடிக்கத் தின்னீங்க" என்று மனைவி நினைவுபடுத்தினார்.

பதினொரு வருடம் கழித்து அந்தத் தீவிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. புதருக்கு நடுவே, மஞ்சள் நிறத்தில், அவர் வண்டி. அடுத்த மாதம் உடைக்கப் போகிறார்களாம். சைரன் நாற்பத்தொரு கடிதம் எழுதினார். கொண்டு வந்தால் கொட்டகை தருகிறோம் என்றது ஊர் அருங்காட்சியகம். கப்பல்காரர்கள் ஒரு மூலை கொடுத்தார்கள், பெரும்பாலும் நாற்பத்திரண்டாவது கடிதத்துக்குப் பயந்து.

வண்டி துறைமுகத்தில் இறங்கிய அன்று சைரனும் மனைவியும் காலையிலேயே போய் நின்றார்கள். சுங்க அதிகாரி ஒரு பெண்மணி. காகிதத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேஸிஸ் நம்பர் எங்க சார்?"

"முன் சக்கரத்துக்கு மேல, இரும்புலயே வெட்டியிருக்கும் மேடம்."

அந்த இடம் குழந்தையின் கன்னம் போல வழவழவென்று இருந்தது.

"என் வண்டி எனக்குத் தெரியாதா மேடம்? இடது கதவை ரெண்டு தடவை அறைஞ்சாத்தான் மூடும். வேணா பாருங்க!"

"அதை எந்தக் கட்டத்துல எழுதறது சார்? அஞ்சு மணிக்குள்ள நம்பர் காட்டுங்க. இல்லன்னா அடையாளம் தெரியாத வண்டி. நேரா உடைக்கிற கிடங்குக்குத்தான்."

கிடங்கு சுவருக்கு அந்தப் பக்கம்தான். எதையோ நசுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"எல்லாம் அந்தத் தீவுக்காரங்க வேலை! நம்பர் மேலயா பெயிண்ட் அடிப்பாங்க? பொறுப்பு வேண்டாம்?" என்று முழங்கிக்கொண்டே சைரன் சுரண்டினார். மஞ்சள் ஒரே பட்டையாக உரிந்தது. கீழே சிவப்பு. அதற்குக் கீழே சிவப்பு. அதற்கும் கீழே, இன்னும் மினுமினுப்பான சிவப்பு.

"இது யார் வேலை சார்?"

ஊர் அறிந்து முதல் முறையாக சைரன் ஓய்ந்தது.

"சொல்லுங்க. கேக்கறாங்கல்ல" என்றார் மனைவி.

"வருஷத்துக்கு ஒரு தடவை... இந்த வண்டி வந்ததுலேர்ந்து இருபது வருஷம்."

"ஒரு கோட்டா?"

"ரெண்டு. அப்பதான் மேடம் பளபளப்பு நிக்கும்."

மனைவி பையிலிருந்து பழம் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார். அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

"மெதுவாம்மா, எழுத்து போயிடும்."

"இருந்தாத்தானே போறதுக்கு!"

மூன்றரைக்கு ஒரு ஏழு தலை காட்டியது. அதன் பின் எண்கள் ஒவ்வொன்றாக, தூக்கம் கலைந்தவை போல, வெளியே வந்தன. நாலே முக்காலுக்குக் கடைசி எண் மட்டும் பாக்கி. பள்ளத்தில் சிவப்பு அடைத்துக்கொண்டிருந்தது.

"மூணு மாதிரி இருக்கே. காகிதத்துல எட்டு" என்றார் அதிகாரி.

சைரனின் முகத்தில் நாற்பது கோட் வெள்ளை அடித்தது போலாயிற்று. மனைவி கொண்டையிலிருந்து ஊசியை உருவி, பள்ளத்தை வளைத்து வளைத்துக் கிண்டினார். ஒரு சிவப்புத் துணுக்கு தெறித்து விழுந்தது. மூன்றுக்கு இடது பாதி கிடைத்தது.

"எட்டு!" என்று கத்தியவர் அதிகாரி. கத்திய பிறகு உத்தியோகம் நினைவுக்கு வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

சைரன் வண்டியின் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். எத்தனையோ தீயை அணைத்து முடித்தவர், இப்படி ஒரு மூச்சு விட்டதில்லை. அன்று இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டார்.

வண்டி இப்போது கொட்டகையில், பழையபடி சிவப்பாக நிற்கிறது, முன் சக்கரத்துக்கு மேல் உள்ளங்கை அகல வெறும் இரும்பு நீங்கலாக. பார்க்க வருகிறவர்களுக்கு சைரன் பம்ப்பை விளக்குகிறார், மணியை அடித்துக் காட்டுகிறார். கூட்டம் இல்லாத நேரத்தில் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஓரத்துல மட்டும் லேசா ஒரு..."

"பிரஷ்ஷக் கீழ வைங்க" என்பார் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.