டாக்டர் வீகாண்டின் காத்திருப்புக் காலம்

1886 ஏப்ரல் 1: ஆண்டுச் சம்பளம் 2,400 மார்க்.
1888 ஏப்ரல் 1: 3,600 மார்க்.
1890 ஜனவரி 1: 4,200 மார்க்.
1890 ஜூன் 30: சம்பளம் நின்றது.
1890 டிசம்பர் 31 முதல், அரையாண்டுக்கு 1,050 மார்க்.
மீறினால் அபராதம் 10,000 மார்க்.

வேதியியல் டாக்டர் ஆன்ஸ்கர் வீகாண்ட் எங்கள் சாயத் தொழிற்சாலையில் வேலை செய்த காலமும் வேலை செய்யாமல் இருந்த காலமும் இந்த ஆறு வரிகளில் அடங்கிவிடும். ஒப்பந்தப் பதிவறையில் இருந்த நான்தான் இவற்றை எழுதினேன். வரிகளுக்கு நடுவில் நடந்ததைச் சொல்ல இதுவரை எவரும் கேட்டதில்லை.

மைன் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் ஆய்வகத்தில் நாற்பது வேதியியலர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு ஒரு மேசை. தலைவர் பேராசிரியர் ஹூன்ஃபெல்ட் ஒரு பெரிய அட்டவணை வைத்திருந்தார். இடப்பக்கம் ஒரு வகைப் பொருள்கள், மேலே இன்னொரு வகை. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வந்ததில் ஒரு சிறு கம்பளி நூல்கண்டைத் தோய்த்து, பாதியை அட்டையால் மூடி, ஜன்னலில் வெயில்பட வைப்பார்கள். வெளிறினால் அதை விட்டுவிட்டு அட்டவணையில் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். நூற்றுக்கணக்கில் செய்தால் ஒன்று உற்பத்திக் கொப்பரைக்குப் போகும், சந்தைக்குப் போகும். வீகாண்ட் நான்கு ஆண்டுகளில் முந்நூறுக்கு மேல் செய்தார். ஒன்றும் கொப்பரையைப் பார்க்கவில்லை.

பாசல் நகரத்தில் ஒரு சாயத் தொழிற்சாலை அவரைக் கூப்பிட்டது. அட்டவணை கிடையாது, எதைச் செய்வது என்று அவரே முடிவு செய்யலாம் என்றார்கள். அவர் போக ஒப்புக்கொண்டார். ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில், மற்றத் தொழிற்சாலைகளின் ஒப்பந்தங்களில் இருந்ததைப் போலவே, விலகியவர் மூன்று ஆண்டுகள் சாயம் சம்பந்தமான எந்த வேதியியல் வேலையும் எங்கும் செய்யக்கூடாது என்று இருந்தது. அதுவரை பாதிச் சம்பளம் தருவோம். அரையாண்டுக்கு ஒருமுறை அவர் 'எதுவும் செய்யவில்லை' என்று கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பாசல்காரர்கள் 1893 ஜூலை 1 வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

வீகாண்ட் ஓடன்வால்ட் மலையில் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார். நகரத்தில் காப்பிக் கடைக்குப் போனாலும் பக்கத்து மேசையில் எவனாவது நிறத்தைப் பற்றிப் பேசுவான் என்பது அவர் பயம். கிராமத்தில் ஒரு மர அறுவை ஆலைக்குக் கணக்கு எழுதினார். அவருடைய முதல் நான்கு அறிக்கைகளும் ஒரே வாக்கியம்தான். ஐந்தாவது 1892 டிசம்பரில் வந்தது. அதில் இரண்டாவது வாக்கியம் ஒன்று இருந்தது:

'நவம்பர் 14 அன்று, வாலன்டின் ஷூக் என்பவரின் அவுரித் தொட்டியில் ஒரு கூடை கோதுமைத் தவிடு போட்டேன்.'

எங்கள் சட்டப் பொறுப்பாளர் ஓல்டன்டார்ஃப் அதை இரண்டு முறை படித்தார்.

"இதை எதுக்கய்யா எழுதினாரு? எழுதாம இருந்திருந்தா நான் படிச்சிருக்கவே மாட்டேன். இப்ப கோப்புல ஏறிடுச்சு. க்னாப், நீங்க வேற முத்திரை குத்திட்டீங்க."

"வந்த தபாலுக்கெல்லாம் குத்துறதுதானே, ஹெர் ஓல்டன்டார்ஃப்," என்றேன்.

எனக்கு அது வியப்பாக இல்லை. நான்கு ஆண்டுகள் அந்த ஆய்வகத்தில் இருந்தவன், கையில் எடுத்ததையெல்லாம் எழுதித்தான் தீருவான். எழுதாதது நடக்காதது என்று அங்கே முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள்.

ஹூன்ஃபெல்டைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "தவிடு போட்டா செத்த தொட்டி ஏன் பிழைக்குதுன்னு என் நாற்பது பேர்ல ஒருத்தருக்கும் முழுசாத் தெரியாது. தெரியாததை வேதியியல்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? குடியானவன் மூக்கால மோந்து பார்த்துத் தவிடு போட்டா அது சமையல். இவர் குடியானவனாப் போட்டாரா, டாக்டராப் போட்டாரா? அதை மட்டும் கேளுங்க."

ஓல்டன்டார்ஃபுக்கு நிம்மதி. "போயிட்டு வாங்க, க்னாப். மோந்து பார்த்துப் போட்டேன்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. ஜூன் முடிஞ்சதும் அவர் பாசலுக்குப் போகட்டும், நமக்கும் அரையாண்டுப் பணத்தோட முடியும்."

ஜனவரியில் போனேன். ரயில் நின்ற இடத்திலிருந்து விறகு வண்டியில் பனியில் இரண்டு மணி நேரம். வீகாண்ட் தங்கியிருந்த வீட்டுக்காரி விதவை, ஃப்ராவ் ஷூக். தொட்டிக்காரர் வாலன்டின் அவள் கொழுந்தன், பின்கட்டிலேயே சாயக் கொட்டகை. அவர் கை முழங்கை வரை நீலம்.

"வாலன்டின், ரொட்டிய நீ தொடாத. அப்புறம் நகரத்து ஐயா சாப்பிட மாட்டாரு," என்று அவள் ஈரல் கொத்துக்கறியும் ஆப்பிள் மதுவும் எடுத்து வைத்தாள்.

"சும்மா இருங்க அண்ணி, அவங்க தொழிற்சாலையில மனுஷனே பச்சையா, செவப்பாத்தான் வீட்டுக்குப் போறான்."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வீகாண்ட் மேசையின் அந்தப் பக்கம் கை கட்டி உட்கார்ந்திருந்தார். பதில் வாலன்டினிடமிருந்து வந்தது.

"எனக்குப் புரியல. அதே தவிட்ட நான் போட்டா சமையல். இவரு போட்டா பத்தாயிரம் மார்க்கா? எங்கப்பன் முப்பது வருஷம் போட்டானே, அவனுக்கு எத்தன பாக்கி?"

"உங்களுக்கு யாரும் சம்பளம் குடுக்கல, ஹெர் ஷூக்."

"அத எங்க அண்ணிகிட்டதான் சொல்லணும், நெதமும் அதத்தான் சொல்லிக் காட்டுறாங்க."

"ஐயா, நான் பாத்தேன்," என்றாள் ஃப்ராவ் ஷூக். "தொட்டி மூணு நாளாச் செத்துக் கெடந்துச்சு. நீலம் ஏறவே இல்ல. கிறிஸ்துமஸ் சந்தைக்குத் துணி போகணும், இவன் தலையில கை வச்சு உட்கார்ந்திருந்தான். டாக்டரு கொட்டகைக்குள்ள போயி, கண்ண மூடிக்கிட்டு மோந்து பாத்தாரு. சுண்ணாம்பு கூடிப்போச்சு, தவிடு போடுங்கன்னாரு. இவன் தயங்கிட்டு நிக்கவும் அவரே கூடைய எடுத்துக் கொட்டிட்டாரு. மறுநாள் தொட்டி மேல நீல நுரை பூவாக் கட்டிருச்சு. அவ்வளவுதான். மோந்து பாத்தாரு. எழுதிக்குங்க."

நான் காகிதத்தை எடுத்தேன். அவள் சொன்னது போதும். வீகாண்ட் கையெழுத்திட்டால் வேலை முடிந்தது.

"மோந்து பார்த்தது உண்மைதான், ஹெர் க்னாப்," என்றார் வீகாண்ட். "ஆனா அதுக்கப்புறம் தாளையும் விட்டுப் பார்த்தேன்."

"என்ன தாள்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே மஞ்சள் தோய்த்துக் காய வைத்த தாள் துண்டுகள். சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு மேசையிலும் அது உண்டு.

"தொட்டவுடனே ரத்தம் மாதிரி சிவந்துடுச்சு. அப்புறம்தான் தவிட்டை எடுத்தேன்."

"இந்த ஊர்ல உங்களுக்கு அது எதுக்கு, டாக்டர்?"

"எதுக்குன்னு இல்ல. கைக்குட்டை மாதிரி, பையில இருக்கும்."

ஃப்ராவ் ஷூக் டப்பாவை எட்டி எடுத்து அடுப்புப் பக்கம் கையை நீட்டினாள். "போட்டுடவா? தாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஐயா கண்ணுக்கு எதுவும் படல."

"அண்ணி சொல்றது சரி," என்றார் வாலன்டின். "ஹெர் டாக்டர், நீங்க மோந்து பாத்தது எனக்குத் தெரியும். தாள் விட்டதை நான் பாக்கல. வேணும்னா பைபிள் மேல கை வைக்கிறேன்."

"அந்தக் கைய வச்சா பைபிள் நீலமாயிடும்," என்றாள் அவள்.

யாரும் சிரிக்கவில்லை. பாசலில் என்ன காத்திருக்கிறது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜூலை முதல் தேதி அவர்களுடைய சுவர் நாட்காட்டியிலேயே பென்சிலால் வட்டமிடப்பட்டிருந்தது.

நான் கேட்டேன்: "தாள் சிவக்காம இருந்திருந்தா?"

"தவிடு போட்டிருக்க மாட்டேன். சுண்ணாம்பு போட்டிருப்பேன். எதிர் வைத்தியம். என் மூக்கை நான் நம்பல, ஹெர் க்னாப். தாளைத்தான் நம்பினேன். நீங்க கேட்டது அதைத்தானே?"

அதைத்தான் கேட்டேன். எழுதினேன். அவர் கையெழுத்திட்டார்.

வாலன்டின் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். ஃப்ராவ் ஷூக் என்னிடம், "இன்னும் கொஞ்சம் கறி வைக்கவா?" என்று கேட்கவில்லை. விறகு வண்டி வரும்வரை வாசலில் நின்றேன். வீகாண்ட் மட்டும் என்னோடு வந்து நின்று, ஆய்வகத்தில் ஜன்னல் பக்க மேசை இப்போது யாருக்கு என்று விசாரித்தார். சொன்னேன். அந்த இடத்தில் மாலை வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றார்.

ஹூன்ஃபெல்ட் காகிதத்தைப் படித்துவிட்டு, "டாக்டராத்தான் போட்டிருக்காரு," என்றார். ஓல்டன்டார்ஃப் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஒரு வரிதானே வாங்கிட்டு வரச் சொன்னேன், நீங்க ஒரு பக்கம் வாங்கிட்டு வந்திருக்கீங்க." ஆனால் கையெழுத்திட்ட பக்கத்தைக் கிழிக்க அவரும் துணியவில்லை. நிர்வாகக் குழு அபராதத்தைத் தள்ளுபடி செய்தது. காத்திருப்புக் காலத்தை மட்டும் ஓராண்டு நீட்டியது: 1894 ஜூன் 30 வரை, பாதிச் சம்பளத்தோடு.

பாசலுக்கும் தகவல் போயிற்று. அவர்கள் ஜூலை முதல் தேதியே அந்த இடத்துக்கு வேறொருவரை அமர்த்தினார்கள். வீகாண்டுக்கு அடுத்த ஆண்டு சோதனைச் சாயக்கூடத்தில் ஓர் இடம் தர முடியும் என்று எழுதினார்கள். மற்றவர்கள் கண்டுபிடிக்கும் சாயங்களை நூலில் தோய்த்து, வெயிலில் வைத்து, வெளிறுகிறதா என்று குறித்துத் தரும் வேலை. அவர் ஒப்புக்கொண்டார். தானாக ஒரு நிறத்தைத் தேர்ந்து செய்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குப் பிறகு வரவில்லை. 1911 வரை அந்தக் கூடத்தில் இருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

கூடுதல் ஆண்டின் முதல் அறிக்கை ஒரே வாக்கியம். கடைசி அறிக்கையில் நான்கு வாக்கியங்கள் இருந்தன. சாயம் சம்பந்தமான எந்த வேலையும் செய்யவில்லை என்பது முதலாவது. பெந்தெகொஸ்தே வாரத்தில் வாலன்டின் ஷூக்கின் தொட்டி மறுபடி செத்தது, அவர் வந்து பார்க்கச் சொன்னார் என்பது இரண்டாவது. 'நான் கொட்டகைக்குள் போகவில்லை' என்பது மூன்றாவது. தொட்டியைக் காப்பாற்ற முடியாமல் ஷூக் அதை ஓடையில் கொட்டிவிட்டார், அது முதல் அவர் தன்னோடு பேசுவதில்லை என்பது கடைசி.

முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தேன். வந்த நாள் 1894 ஜூலை 2.