மர்டோ வைக்காத கேட்

ஆர்டாக் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மர்டோ கில்லண்டர்ஸ் போட்ட வேலி ஒன்று கண்ணில் படும். படாவிட்டால் மர்டோவே வண்டியை நிறுத்தி இறங்கி வந்து காட்டுவார். நியூசிலாந்தின் தென்கோடியில், எல்லா மரமும் காற்றுக்குப் பயந்து ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் எங்கள் ஊரில், நேராக நிற்பது தன் கம்பங்கள் மட்டும்தான் என்பது அவருடைய வாதம்.

முப்பத்தோரு வருடமாகக் கம்பம் அடித்து, கம்பி இழுத்து, இடையிடையே விழுகிற மரங்களை வெட்டித் தள்ளிப் பிழைக்கிறார். இரண்டு தொழிலையும் ஒரே ஆள் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு என்று ஊரில் சொல்வார்கள். மரத்தை வெட்டி வேலி மேல் சாய்க்கலாம், பிறகு அந்த வேலியைக் கட்டிக் கொடுத்துக் கூலியும் வாங்கலாம். இதை அவர் காதுபடச் சொன்னவர்களுக்கு அந்த வருடம் வேலி போட ஆள் கிடைத்ததில்லை.

தளவாடங்கள் விஷயத்தில் மர்டோவுக்கு ஒரே கொள்கைதான். பழசு என்றால் நல்லது, புதுசு என்றால் ஏமாற்று. அவருடைய டிராக்டருக்கு மோரா என்று பெயர். கம்பம் அடிக்கும் இயந்திரம் மோராவின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். உயரமான மஞ்சள் இரும்புச் சட்டம், அதில் ஒரு கனத்த இரும்புக் கட்டி ஏறி ஏறி விழும். மோரா நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டும். "ஒழுகலன்னாத்தான் கவலப்படணும், உள்ள எண்ணெ தீந்துபோச்சுன்னு அர்த்தம்" என்பார். மரத்துக்கு நான்கு பெட்ரோல் ரம்பங்கள். நாலும் கத்துகிற கத்தலில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் மாடு பால் சுரக்காது.

அவரோடு எட்டு வருடமாகக் கூட்டாக வேலை செய்கிறவள் வைமரி. மரம் ஏறுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. வாய்ப்பேச்சிலும் இல்லை. இந்த மார்ச்சில் அவள் தன் சொந்தக் காசில் ஒரு பேட்டரி ரம்பம் வாங்கி வந்தாள். அதைக் கண்டதிலிருந்து மர்டோவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னம்மா, மரம் வெட்ட வந்தியா, பேட்டரி பிரஷ்ஷால பல்லு வெளக்க வந்தியா?"

"நீங்க மொதல்ல வெளக்கிட்டு வாங்க பாஸ், பக்கத்துல நின்னு பேசலாம்."

இனி வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒருவன் தன் பால் வாளி மேலேயே டிராக்டரைப் பின்னுக்கு ஏற்றினான். அந்த நசுங்கிய வாளியை ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் ஊர்க்கூடத்தில், அந்த வருடத்தின் மகா முட்டாள்தனம் செய்தவருக்கு வழங்குகிறோம். வாங்கியவர் அதை ஒரு வருடம் கேட்டில் தொங்கவிட வேண்டும். தபால்காரரிலிருந்து பாதிரியார் வரை போகிற வருகிறவர்கள் எல்லோரும் ஹார்ன் அடிப்பார்கள்.

மர்டோ ஒரு முறைகூட அதை வாங்கியதில்லை. அதனாலேயே வழங்குகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். சென்ற வருடம் வாங்கியவர் லெஸ்டர் க்ரோம்பி. பண்ணைக் கொட்டகைக்குள் மழைக்கு ஒதுங்கி அழகாக ஒரு சிமெண்டுத் தொட்டி வார்த்தார். முடித்த பிறகுதான் கதவு அதைவிடச் சின்னது என்று தெரிந்தது. மர்டோ முக்கால் மணி நேரம் பேசினார்.

"வாசல அளக்காம தொட்டி கட்றவன் புத்தியை என்னன்னு சொல்றது! கோழிகூட முட்டை போடுறதுக்கு முன்னாடி வழி பாக்கும்யா!"

கூடம் அதிர்ந்தது. லெஸ்டர் வாளியை வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எனக்கு அவசரமே இல்ல மர்டோ. காத்திருப்பேன்." அந்த ஒரு வார்த்தை மர்டோவின் வயிற்றில் ஒரு வருடமாகக் கிடந்தது. வாளியைக்கூடத் தாங்கிக்கொள்வார். மைக்கைப் பிடித்துக்கொண்டு லெஸ்டர் நிற்பதை நினைத்தால்தான் அவருக்குத் தூக்கம் போனது.

இந்த ஜூனில் இஷ்பெல் வீட்டுக் காட்டுக்கு வேலி போடும் வேலை வந்தது. இஷ்பெல் ஓய்வு பெற்ற நர்ஸ். வீட்டுக்குப் பின்னால் சரிவில் பத்து ஏக்கர் பழங்காடு, நடுவில் ஓடை. மான்கள் வந்து கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன என்று ஆள் உயரத்துக்கும் மேல் வலைக்கம்பி கேட்டார்.

"ஒரு கேட் வேணாமா மர்டோ?"

"கேட்டா? கேட்டுன்னு ஒண்ணு இருந்தா எவனாவது தெறந்து போட்டுட்டுப் போவான். மான் மாப்பிள்ளை மாதிரி உள்ள நுழையும். நீங்க போக வர ரெண்டு பக்கமும் ஏணிப்படி வச்சுத் தர்றேன். நல்ல வேலிக்கு வாசல் எதுக்குங்கறேன்?"

"நீ சொன்னா சரிதான்" என்றார் இஷ்பெல். கூடவே ஒரு சின்னக் கேமராப் பெட்டியையும் கொடுத்தார். பறவை முட்டைகளைத் தின்ன வரும் பூனை, எலிகளைப் படம் பிடிக்கிற பெட்டி. ஏதாவது அசைந்தால் தானே விழித்துக்கொண்டு சத்தத்தோடு படம் பிடிக்கும். ஓடையோரக் கம்பத்தில் மர்டோ அதை அடித்துப் பொருத்தினார், அடுத்த நிமிடம் மறந்தும் போனார்.

வேலை ஆரம்பித்த பதினொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல். கடைசி மூலையில் வெளிப்பக்கம் சதுப்பு. ஆகையால் மர்டோ மோராவை உள்ளே கொண்டுபோய்க் கடைசிக் கம்பத்தை அடித்தார். பிறகு வெளியே வந்து வலையை இழுத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு, மிச்சக் கம்பியைக் குறட்டால் நறுக்கினார். ஒற்றைக் கண்ணை மூடி வேலியின் நேர்த்தியைப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த வேலை கொடுத்த பூரிப்பில் மனிதர் தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

வைமரி ஏணிப்படியின் உச்சியில் உட்கார்ந்து, இஷ்பெல் கொடுத்தனுப்பிய சீஸ் ரோலை மென்றுகொண்டிருந்தாள்.

"பாஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"மோரா எங்க?"

மர்டோ திரும்பினார். வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம், மஞ்சள் சட்டத்தை வானத்துக்கு நீட்டிக்கொண்டு, கொட்டிலில் கட்டிய மாடு போல மோரா நின்றாள். கேட் இல்லாத வேலிக்குள்.

மர்டோ குறட்டை மெதுவாகப் பைக்குள் போட்டார்.

"வேணும்னுதான் நிறுத்தினேன்" என்றார்.

"சரி பாஸ். எதுக்கு?"

"யோசிக்கிறேன்."

வலையை அறுத்து மறுபடி முடிந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். எங்கள் ஊரில் அது நடக்காது. வேலி போடுகிறவனின் முடிச்சு அவன் கையெழுத்து. காரில் போகிறபோதே இது இன்னார் முடிச்சு, இது ஒட்டுப் போட்டது என்று பிள்ளைகள்கூடச் சொல்லும். புத்தம்புது வேலியில், அதுவும் மூலையில், மேலிருந்து கீழ்வரை ஒட்டு இருந்தால் காரணத்தைப் பத்திரிகையில் போட வேண்டியதில்லை. வாளி நாளுக்கு எட்டே நாள்தான் இருந்தது.

வேறு ஒரு வழி இருந்தது. ஓடை காட்டை விட்டு வெளியேறும் இடத்தில், மான் நுழையாமலிருக்கப் பள்ளத்துக்கு மேலே கனத்த கம்பி கட்டி, அதில் பலகைகளைத் தொங்கவிட்டிருந்தார். வெள்ளம் வந்தால் பலகை தானே மேலே எழும்பி வழிவிடும். அதைத் தூக்கி முட்டுக்கொடுத்து, மோராவின் சட்டத்தைப் படுக்க வைத்து, ஓடைக்குள்ளேயே ஓட்டி வெளியே வரலாம். குறுக்கே ஒரு வில்லோ மரம் மட்டும் விழுந்து கிடந்தது.

மர்டோவின் கை பெட்ரோல் ரம்பத்துக்குப் போனது.

"அத இழுத்தீங்கன்னா இஷ்பெல் ரெண்டு நிமிஷத்துல இங்க நிப்பாங்க" என்றாள் வைமரி. "டிராக்டர் சத்தம் தெனம் கேக்கறது. காட்டுக்குள்ள ரம்பம் கத்தினா விடுவாங்களா?"

உண்மை. அந்த அம்மாள் ஒரு கிளை முறிந்தாலே கைத்தடியோடு ஓடி வருகிறவர். மர்டோ தொண்டையைச் செருமினார்.

"ஒன்னோட அந்த... அது இருக்கா?"

"எது?"

"அதான்... பேட்டரியில ஓடுமே."

"பல் வெளக்கறதா?"

"வெளையாடாத வைமரி."

"பேரச் சொல்லிக் கேளுங்க, தர்றேன்."

"ரம்பம்."

"என்ன ரம்பம்?"

"நல்ல ரம்பம்" என்றார் மர்டோ, பல்லைக் கடித்துக்கொண்டு.

நல்ல ரம்பம் சத்தமே போடாமல் வில்லோவை ஆறு துண்டாக்கியது. எங்கள் ஊரில் ஜூன் நடுக்குளிர்காலம்; மர்டோ இடுப்பளவு தண்ணீரில் நின்று துண்டுகளை உருட்டினார். பற்கள் கிடுகிடுவென்று ஆடின. வைமரி பலகைகளைத் தூக்கி முட்டுக் கொடுத்தாள். மோரா எருமை மாதிரி ஓடைக்குள் இறங்கினாள், நடந்தாள், சரியாகப் பலகைக்குக் கீழே வந்ததும் சேற்றில் உட்கார்ந்துகொண்டாள்.

மேலே வீட்டுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மர்டோ! ஓடையில என்ன பண்றீங்க?"

"தண்ணி எப்படிப் போவுதுன்னு பாக்கறோம் இஷ்பெல்!"

"எப்படிப் போவுது?"

"குளுகுளுன்னு போவுது!"

கம்பிக்கயிறு சுற்றி மரம் இழுக்கும் வின்ச்சை வைமரி தன் வண்டியிலிருந்து பூட்டி இழுத்தாள். மோரா ஒரு முனகலோடு வெளியே வந்தாள். மர்டோ அவள் மூக்கில் முத்தம் கொடுத்தார். அதோடு நிற்காமல் ரம்பத்தையும் எடுத்து அணைத்து, "தங்கமே, ஒன்ன இவ்ளோ நாளா திட்டிட்டனே" என்றார். பலகை இறங்கியது. வேலியில் ஒரு கீறல் இல்லை.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றார்.

"எங்கம்மா மேல சத்தியம்" என்றாள் வைமரி. அவள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அதை நான் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு பலபேர் அவளைச் சந்தேகப்பட்டார்கள்.

வாளி நாளன்று மர்டோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாளியோடு மேடை ஏறினார். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவருக்காக அரைமணிப் பேச்சு தயாராக வைத்திருந்தார். "இந்த வருஷம்..." என்று ஆரம்பித்தபோது முன்வரிசையில் இஷ்பெல் எழுந்தார்.

"ஒரு நிமிஷம் மர்டோ. எம் பெட்டியில பூனை மாட்டியிருக்கான்னு நேத்து பாத்தேன். பூனை இல்ல. ஆனா எல்லாரும் பாக்கணும்."

சுவரில் படம் விழுந்தது. முதலில் ஓர் எலி. பிறகு கேட் இல்லாத வேலிக்குள்ளிருந்து மோரா. பிறகு இடுப்பளவு தண்ணீரில் மர்டோ. "குளுகுளுன்னு போவுது!" கூடம் முழுக்க எதிரொலித்தது. கடைசியில், திரையளவு பெரிதாக, ஒரு பேட்டரி ரம்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "தங்கமே."

சிரிப்பில் இரண்டு நாற்காலி உடைந்தது. லெஸ்டர் சிரிக்கவில்லை. மெல்ல நடந்து மேடைக்கு வந்து, மர்டோவின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். முக்கால் மணிக்கு அவரிடம் சரக்கு இருந்தது, ஒரு வருடம் சேர்த்தது. ஆனால் ஒரே வரிதான் சொன்னார்.

"கோழிகூட வழி பாக்கும்யா!"

மர்டோவின் முகம் சிவந்தது. "அந்தப் பெட்டிய எவன் அங்க அடிச்சது?" என்று கத்தினார்.

"நீதான்!" என்றது மொத்தக் கூடமும்.

மனிதர் கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு அவருக்கே தாங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்து, வாளியைத் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டு இறங்கினார். பயந்து பயந்து ஒரு வருடம் சுமந்த பாரம், தலையில் ஏறிய பிறகு அத்தனை கனக்கவில்லை. வாசலில் இஷ்பெல் அவர் கையைப் பிடித்தார்.

"மர்டோ, எனக்கு அந்த வேலியில ஒரு கேட் வேணும்."

"எதுக்கு? நீங்கதான் ஏணிப்படியில போறீங்களே?"

"எனக்கு இல்லப்பா. ஒனக்கு. வாளியையும் அதுலயே மாட்டு, நான் தெனம் பாத்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை கேட் வைப்பதற்காகத் தன் கண்ணாடி போன்ற வேலியைத் தன் கையாலேயே அறுக்க மர்டோ போனார். குறட்டை எடுப்பதற்கு முன் அவர் செய்த முதல் வேலை, மோராவை வேலிக்கு வெளியே நிறுத்தியது. இரண்டு முறை திரும்பிப் போய், வெளியேதான் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டும் வந்தார்.