பெர்மெத்தின் சம்சா அபராதம்

கணினித் திரையை அணைத்துவிட்டுத்தான் எங்கள் அலுவலகத்துப் பெர்மெத் வேலையைத் தொடங்குவாள். ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, நான் கட்டிய இணையப் பக்கத்தை இயந்திரக் குரல் படிப்பதைக் கேட்பாள். இரண்டு நிமிடம் தாங்காது. “அண்ணே! மறுபடியும் அட்டவணையா?” அந்தக் கத்தல் கராகோல் ஊர்ச் சந்தை வரை கேட்கும்.

நான் பழைய ஆள். இடப்பக்கம் படமும் வலப்பக்கம் எழுத்தும் நிற்க வேண்டுமா, கோடு தெரியாத அட்டவணை ஒன்றைப் போட்டுக் கட்டத்துக்கு ஒன்றாக அடைத்துவிடுவேன். பார்க்க லட்சணமாக இருக்கும். பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்லும் இயந்திரத்துக்குத்தான் பித்துப் பிடிக்கும்: கட்டம், வெற்றுக் கட்டம், விளம்பரம், பாதி முகவரி. “தலைப்பைத் தலைப்புன்னு சொல்லுங்க, பட்டியலைப் பட்டியல்னு சொல்லுங்க. அலங்காரத்துக்கு வேற ஏற்பாடு இருக்கு. உங்க சொத்தையா எழுதித் தரச் சொன்னேன்?” என்று ஜாம் கரண்டியை ஆட்டுவாள். தேநீரோடு ராஸ்பெர்ரி ஜாம் இல்லாமல் அவளுக்குப் பேச்சு வராது. அட்டவணை போட்டு மாட்டுகிறவர் அலுவலகத்துக்கே கறி அடைத்துச் சுட்ட சம்சா வாங்க வேண்டும் என்பது அவள் சட்டம். இந்தக் குளிர்காலம் முழுக்க வாங்கியவன் நான்தான்.

சந்தையில் விலைப்பலகைக்குத் தலைப்பு இல்லையென்றால், கடைக்காரியிடம் சாக்பீஸ் வாங்கித் தானே எழுதிவிட்டு வருவாள். அப்படி ஒரு பிறவி.

போன மாதம் சிற்றுந்துக் கம்பெனி ஒன்றின் பக்கத்தை, மூன்று வாரம் உட்கார்ந்து, அடியோடு மாற்றி எழுதினாள். கம்பெனி முதலாளி ஒரே நிபந்தனை வைத்தார். மருத்துவமனையில் மசாஜ் செய்யும் ஜோல்டோஷுக்குப் பார்வை கிடையாது. அவர் யார் உதவியும் இல்லாமல் நரின் ஊருக்குப் போகும் வண்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய பக்கமே இருக்கட்டும். ஜோல்டோஷின் மகள் நரினில் படிக்கிறாள். பழைய பக்கத்தை நம்பிப் போய், எப்போதோ கிளம்பிவிட்ட வண்டிக்காக உறைபனியில் நின்றவர் அவர்.

முதலாளியோடு வந்தார். விசைகளைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவினார். “அடேயப்பா, வழுக்கிட்டுப் போகுதே!” பெர்மெத்துக்கு உட்காரவே முடியவில்லை. வண்டி நேரங்கள் வந்தன. இயந்திரம் படித்தது: நரின், ஏழு, இரண்டு, நான்கு.

ஜோல்டோஷ் நிறுத்தினார். “இதுல எது கிளம்புற நேரம்? எது போய்ச் சேர்ற நேரம்? ஏம்மா, இது நிஜமாவே அட்டவணைதானே? இதை ஏன் பட்டியலா உடைச்சு வச்சிருக்க?”

பெர்மெத்தின் முகம் சிவந்துவிட்டது. அட்டவணைமேல் இருந்த ஆத்திரத்தில், அட்டவணையாகவே இருக்க வேண்டிய ஒன்றையும் பிய்த்துப் போட்டிருந்தாள். வாய்வரை வந்த கிண்டலை விழுங்கினேன். முதலாளி தொப்பியை எடுத்தார்.

“அப்போ பழசே…”

“பத்து நிமிஷம்! உட்காருங்க!”

நின்றபடியே விசைப்பலகையில் அட்டவணை ஒன்றை அடித்தாள். ஒவ்வொரு வரிசைக்கும் ஊர்ப்பெயர், ஒவ்வொரு பத்திக்கும் தலைப்பு. எட்டே நிமிடம். ஜோல்டோஷ் மறுபடி தட்டினார். நரின், கிளம்பும் நேரம் ஏழு, சேரும் நேரம் இரண்டு, மேடை நான்கு.

“சனிக்கிழமை வர்றேன்டி தங்கம்! நானே பார்த்துட்டேன், நானே!” என்று அங்கேயே மகளுக்குப் போன் போட்டுக் கத்தினார். முதலாளி தொப்பியைக் கீழே வைத்தார். நாங்கள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தோம். எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

பெர்மெத் ஜாம் கரண்டியால் எங்கள் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனைச் சம்சா கடைக்கு நடந்தாள்.