தகரக் கூரைக்குக் கீழே மெழுகுவத்தி

நல்ல வெயிலில், பிற்பகல் இரண்டு மணிக்கு, கையில் எரியும் மெழுகுவத்தியுடன் மேஸ்திரி என் வகுப்பறைக்குள் வந்தார். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அப்போது தங்கவயலில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் நான். வயது இருபத்து நான்கு. பள்ளி என்பது நான்கு மண்சுவர், மேலே தகரம். இரண்டே ஜன்னல்கள், இரண்டும் தாதுக்கல் இடிக்கும் மில்லைப் பார்த்தவை. திறந்தால் நான் சொல்வது முதல் வரிசைக்கே கேட்காது. ஆகவே மூடியே வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தகரம் காய்ந்து, உள்ளே அடுப்படியாகிவிடும். யார் எந்த நேரத்தில் தூங்கி விழுந்தார்கள் என்பதை நாள் தவறாமல் குறித்துவைத்தேன். மேஸ்திரியின் மகள் பெயர் எல்லா நாளும் இருந்தது. அவளுக்குப் படிப்பு ஏறாது, பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து நடத்தும் பரீட்சைக்கு வேண்டாம் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். பரீட்சை எழுதாவிட்டால் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஆம்பூரில் அத்தை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள்.

மேஸ்திரி சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் ஆட்களுக்குத் தலைவர். அந்தச் சேதி போனதும் பள்ளிக்கு வந்து, என் குறிப்புகளைப் படிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி: “எம் பொண்ணு எந்த எடத்துல குந்தினு இருக்குது, வாத்தியாரே?”

அதை மட்டும் நான் எழுதியிருக்கவில்லை.

மறுநாள்தான் மெழுகுவத்தி. வாசலருகே சுடர் சாய்ந்து ஆடியது. மகள் உட்காரும் உள்மூலையில் அவர் குந்தியதும் ஆணி அடித்ததுபோல் நின்றது.

“காத்தே இல்ல, பாருங்க. கீழ சுரங்கத்துல இந்த மாதிரி லெவல்ல எங்க ஆளுங்களே அரை ஷிப்ட் தாங்க மாட்டானுங்க. நீங்க இன்னாடான்னா பேர் எழுதினு இருக்கீங்க!”

“ஜன்னலைத் திறந்தா மில் சத்தம், மேஸ்திரி.”

“அத்த யாரு தொறக்கச் சொன்னது? கீழ ஒரு ஓட்டை, மேல ஒரு ஓட்டை. காத்து அதுவா நடந்து போவும்.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்களுடன் வந்து, மில்லுக்கு எதிர்ப்புறச் சுவரில், மகள் உட்காரும் மூலையை ஒட்டி, தரையோடு கடப்பாரையால் துளை போட்டார். கூரை முகட்டில் ஒரு தகரத்தை ஒரு சாண் தூக்கி முட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை தூங்கியவன் ஒரே ஒருவன், அவனுக்குக் காய்ச்சல். மேஸ்திரி மகளின் பெயரைப் பரீட்சைப் பட்டியலில் நானே சேர்த்தேன்.

இப்போது அந்தப் பள்ளிக்கு ஓட்டுக் கூரை, நான்கு பக்கமும் ஜன்னல். ஆனால் அன்று அந்த மூலைக் குளிர்ச்சியே எனக்குப் பெரிதாக இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்தபோது மரியாதைக்காக நாற்காலியை அங்கேயே போட்டேன். பெரிய உடம்புக்காரர். கால் மணி நேரத்தில் பிள்ளைகளின் கண் சொருகியது. கணக்குக் கேட்டு அவர் மேஸ்திரி மகளை எழுப்பினார்.

“விடை சொல்றேன் சாமி. மொதல்ல கொஞ்சம் நவுந்து குந்துங்க. காத்து வர்ற ஓட்டைய மறைச்சினு இருக்கீங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார், குனிந்து துளையில் கை நீட்டினார், நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் விடை சரி.

ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் மண்ணுடன் மேஸ்திரி வாசலில் நின்றார்.

“தூங்கிச்சா வாத்தியாரே?”

“பாஸ், மேஸ்திரி. இன்ஸ்பெக்டரையே நவுத்திட்டுப் பாஸ்.”