கழுதை கத்தும் கேட்

வெல்டருக்கு அவருடைய அத்தான் மேல் ஒரு வருத்தம் உண்டு. வருஷங்கள் எத்தனையோ ஓடியும் அது ஆறவில்லை. அக்கா குடியிருந்த மாடிக் கட்டடத்தின் வாசல் கேட், வெல்டர் சொந்தமாகக் கடை போட்டுச் செய்த முதல் பெரிய வேலை. மாட்டிய அன்று தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அத்தான் பஸ் டிரைவர். டியூட்டி முடிந்து வந்தவர் கேட்டை ஒரு தள்ளு தள்ளினார். அது கிரீச்சென்று நீளமாக இழுத்தது.

"என்ன மாப்ள, தொண்டை கட்டின கழுதையப் பிடிச்சு வாசல்ல கட்டியிருக்க?" என்றார், அத்தனை பேர் முன்னாலும்.

அன்றோடு வெல்டரின் பேர் போயிற்று. தெருவுக்கு அவர் 'கழுதை கேட்'. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அந்தப் பட்டப்பேர் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கொத்தனார் கட்டிய தூண் சாய்ந்திருந்தால் கீல் என்ன செய்யும்? எண்ணெய் விட்டால் சத்தம் அடங்கியிருக்கும். ஆனால் விட்டால், தப்பைத் தன் தலையில் வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றுவிட்டார். கேட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். நாற்காலியின் ஒரு கால் வெல்டர் கையில். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சுவரில் சிக்கி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது.

"ரிவர்ஸ் எடுங்கடா," என்றார் அத்தான், கோணிய வாயால். கட்டிலில் கிடத்தியதும் சொன்னார்: "இனிமே நாலு பேர் தூக்கினாத்தான் இறங்க முடியும். அது எப்பன்னு எனக்குத் தெரியும்."

ஊரெல்லாம் சுற்றிய மனிதருக்கு இப்போது ஒரு கட்டில், ஒரு ஜன்னல். படுத்தபடி பார்த்தால் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியும் அதற்கு மேல் கொஞ்சம் வானமும் தெரியும். அக்கா தையல் கம்பெனிக்குப் போயாக வேண்டும். எழுந்து தாழ் போட அவரால் முடியாது என்பதால் வெளியே பூட்டிக்கொண்டு போவாள். பூட்டு விழுகிற சத்தத்தில்தான் அவருக்குப் பகல் ஆரம்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போன வெல்டருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "இந்த ஒரு மாசத்துல நல்லதுன்னு ஏதாவது உண்டா அத்தான்?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அத்தான் கோபப்படவில்லை. "ஏன் இல்ல? கீழ இஸ்திரிக் கடையில ஈரத்துணி மேல பெட்டிய வைக்கிறான் பாரு, அந்த ஆவி வாசனை இங்க வரைக்கும் வரும். ஜன்னல்ல சொம்புத் தண்ணி வச்சா, வெயில் பட்டு அந்த வெளிச்சம் கூரையில ஆடும். நேத்து இடது கையால நானே சட்டைப் பட்டன் போட்டேன். ஒண்ணு மாறிப்போச்சு. உங்கக்கா பார்த்தும் பாக்காத மாதிரி இருந்துட்டா. அப்புறம் மேட்டுல ஏறுற பஸ்ஸு. கியர் மாத்துற சத்தத்துலயே எவன் ஓட்டுறான்னு சொல்லிடுவேன். புதுசா ஒருத்தன் வந்திருக்கான், கிளட்ச மிதிச்சே கொல்றான். அவனத் திட்டுறதுல பாதிப் பொழுது போயிடும்."

கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எல்லாத்தையும் விட உசத்தியா இன்னொண்ணு இருக்கு. உன்கிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா தலையில ஏறி உட்கார்ந்துக்குவ."

கீழே இறங்கிய வெல்டர் கேட்டைத் திறந்தார். கிரீச். மேலே ஒரு மனுஷன் அசைய முடியாமல் கிடக்கிறான். இந்தச் சனியன் நாள் முழுக்க அவன் காதைக் கிழிக்கிறது. இன்னும் என்ன வீம்பு?

மறுநாள் காலையிலேயே கேட்டைக் கழற்றி, கீலில் துருவைச் சுரண்டி, கிரீஸை அப்பி மாட்டினார். பூனை நடக்கிற மாதிரி திறந்தது. "அப்பாடா, கழுதைக்கு வாய்ப்பூட்டுப் போட்டாச்சா?" என்றார் இஸ்திரிக்காரர். வெல்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, ஒரு நல்ல வார்த்தைக்காகவே படியேறினார். அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "வாரம் பூரா இப்படித்தான்டா. சரியாச் சாப்பிடறதில்ல. நான் கதவைத் திறந்தாத் தூக்கிவாரிப் போடுது," என்று சொல்லிவிட்டு அக்கா டீ போட உள்ளே போனாள்.

அத்தான் மெல்லத் திரும்பினார். "கேட்டுக்கு என்ன பண்ண?"

"கிரீஸ் வச்சேன் அத்தான். இனிமே கத்தாது."

"உன்னை யாரு வைக்கச் சொன்னா?" குரலைத் தாழ்த்தினார். "பால்காரன் முட்டியால இடிப்பான், ரெண்டு தடவை வெடுக்குனு கத்தும். மாடி வீட்டு டீச்சர் தூக்கித் திறப்பாங்க, லேசா முனகும். உங்கக்கா அசந்துபோய் வருவா இல்ல, மெதுவா இழுத்து மூடுவா. நீளமாக் கத்தும். அவ படியேறி வர்றதுக்குள்ள நான் முகத்தைத் துடைச்சுக்குவேன்."

வெல்டருக்கு முதலில் புரியவில்லை.

"பூட்டின வீட்ல தனியாக் கிடக்கிறவன் பகல் முழுக்கவா சிரிச்சுக்கிட்டு இருப்பான்? திங்கக்கிழமை கேட் சத்தமே இல்ல, திடீர்னு பூட்டைத் திறந்து வந்து நின்னுட்டா. பார்த்துட்டா மாப்ள. பேசாம உள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டா. ரொம்ப நேரம் தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு."

வெல்டர் தரையைப் பார்த்தார். "மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவிடறேன். தூண் சாஞ்சுதானே இருக்கு. ரெண்டு மழை பெஞ்சாத் தானாக் கத்தும்."

"மழை வர்ற வரைக்கும் நான் என்ன பண்ணுவேன்?"

உள்ளே டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அத்தான் இடது கையால் வெல்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். பழைய ஸ்டீயரிங் பிடி, விடவில்லை.

"கெட்ட கேட் செய்யறதுல உன்னை மிஞ்ச ஆளு உண்டா? போ. நாளைக்கு அவ வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள மண்ணோ மணலோ போட்டு, அதைப் பழையபடி கத்த வச்சுடு."