இடது கைக்கு ஒரு வாத்தியார்

அன்று மைதானத்தில் இருந்தவர்கள்: கம்பெனியின் லேபர் ஆபீசர். அவருக்குக் குடை பிடித்த ஆள். விசிலோடு ஒரு மேஸ்திரி. வேலை கேட்டு வந்த ஒன்பது பையன்கள் – அதில் ஒருவன் என் தம்பி நடராசன். அவர்களை மறிப்பதற்காக நிறுத்தியிருந்த தேவசகாயம். வேலிக்கு வெளியே நான். இவ்வளவுதான்.

ஏன் இப்படிக் கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் சொல்கிறேன் என்கிறீர்களா? நாளைக்கு யாராவது கேட்டால்? கேட்க மாட்டார்கள்... கேட்டுவிட்டால்?

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம் – தம்பி இப்போது அங்கேதான் சம்பளம் வாங்குகிறான். அதற்கு முன்பு அதே கேட்டில் தினக்கூலிக்காக நின்றவன். மேஸ்திரி விரலை நீட்டினால் உள்ளே, நீட்டாவிட்டால் வீட்டுக்கு. அந்தக் கம்பெனிக்கு பாஸ்கெட் பால் டீம் ஒன்று உண்டு. டீமில் ஓர் இடம் காலி, தேறுகிறவனுக்கு பர்மனெண்ட் வேலை என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

தேவசகாயம் அந்த டீமில் ரொம்ப நாளாக ஆடுகிறவர். ராயபுரத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. அவராகவேதான் வந்தார்.

"உன் தம்பிய தெனம் காலீல அனுப்பு அண்ணாத்தே. தனியா கத்துத் தரேன்."

"எவ்ளோ ஆவும்?"

"அத்த அப்பால பாத்துக்கலாம்."

நான் ஆறாம் கிளாஸோடு நின்றவன். ஆனால் இந்தப் பாடம் தெரியும் – விலை சொல்லாமல் கொடுக்கிறவன் ஏதோ பெரிய விலையை மனதில் வைத்திருக்கிறான். அதோடு இன்னொன்று. கெட்டிக்காரப் பையன் ஒருவன் டீமுக்குள் வந்தால் முதலில் வெளியே உட்காரப் போவது யார்? முப்பத்தைந்து தாண்டிய தேவசகாயம்தானே! தன் இடத்துக்கு வேறொருவனைத் தானே தயார் செய்யும் மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள், முதல் டிராம் கிளம்பும் முன்பே, அவர்கள் பின்னாலேயே போய் ஒரு குட்டிச்சுவருக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தேன்.

தம்பியின் வலது கையை முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார் அந்த மனிதர்! இடது கையால் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டுமாம். பந்து அவன் காலில் பட்டு சாக்கடைப் பக்கம் ஓடியது. அவன் அதன் பின்னால் ஓடினான். திரும்ப வந்தான். திரும்பவும் ஓடியது.

இடது கை! ஒரு வெற்றிலையைக்கூட அந்தக் கையால் நீட்டக் கூடாது என்று அடி வாங்கி வளர்ந்தவன். வலது கையில் அவன் ராஜா. ராஜாவைக் கட்டிப் போட்டால்? கெடுக்கிறார்... வேண்டுமென்றே கெடுக்கிறார்.

வெளியே வந்துவிட்டேன்.

"இன்னா தேவசகாயம், நல்லா கீற கைய எதுக்குக் கட்டி வச்சிகீறே?"

"நல்லா கீற கைக்கு எதுக்கு அண்ணாத்தே வைத்தியம்?" என்றார் சிரிக்காமல். "கும்பலா நின்னா அல்லாருக்கும் ஒரே பாடம் சொல்லலாம். இவன் ஒருத்தன். இவனாண்ட எது செத்துக் கெடக்குதோ அத்தத்தான் எழுப்பணும்."

"அண்ணே, வூட்டுக்குப் போ. மானத்த வாங்காத" என்றான் தம்பி.

போனேன். அதற்கப்புறம் தூங்கினேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பந்தைத் தட்டிக்கொண்டு தேவசகாயத்தைத் தாண்டிப் போய் வளையத்தில் போட வேண்டும். ஆளுக்கு மூன்று தடவை. மற்ற எட்டுப் பேரும் வலது பக்கமே பாய்ந்தார்கள். மனிதர் சுவர் மாதிரி நின்றார். நடராசனும் முதல் இரண்டு தடவை வலது பக்கமே போய்ப் பந்தைப் பறிகொடுத்தான். மூன்றாவது தடவை வலது தோளைச் சாய்த்தான். தேவசகாயமும் சாய்ந்தார். பந்து சட்டென்று இடது கைக்கு மாறியது – அவ்வளவுதான், வளையத்துக்குள்!

லேபர் ஆபீசர் தலையாட்டினார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கண்ணீர் காய்வதற்குள் அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. தம்பி இடது பக்கம் வருவான் என்று அந்த மைதானத்தில் தெரிந்த ஒரே ஆட்டக்காரர் தேவசகாயம். தெரிந்தவர் ஏன் ஏமாந்தார்?

அன்று சாயங்காலமே வாசலில் வந்து நின்றார். "நாப்பது ரூபா குடு அண்ணாத்தே."

"எதுக்கு? கத்துக்குடுத்ததுக்கா... வழி வுட்டதுக்கா?"

வாய் தவறி வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது. "அத்த உன் தம்பியக் கேளு" என்று திரும்பி நடந்தார்.

உள்ளே சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான் தம்பி. "வழி வுட்டதுக்குன்னா ஒரு காசு தர மாட்டேன் அண்ணே. அந்த வேலையும் எனக்கு வாணாம்."

வேலை வேண்டாமாம்! "எப்டி வந்தா இன்னாடா? வந்துட்டுதே! வாய மூடிக்கினு போடா" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. விடிந்ததும் தேவசகாயத்தின் வீட்டுக்குப் போய், "ஆபீசரு இல்ல, மேஸ்திரி இல்ல. வா, இப்ப என்ன மறி" என்று மைதானத்துக்கு அழைத்துப் போயிருக்கிறான். என்னை வரக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

திரும்பி வந்தபோது இரண்டு முட்டியும் சிராய்த்திருந்தன. உதடு வீங்கியிருந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"நேத்து மாரி இல்ல அண்ணே. பேய் மாரி நிக்கிறான். இடிக்கிறான், கீய தள்றான்... எத்தினி தபா வுழுந்தேன்னே தெரில."

"அப்பால?"

"ஒரே ஒரு தபா தாண்டிட்டேன்!"

வீங்கின உதட்டோடு சிரித்தான். தன் பையிலிருந்து பதினைந்து ரூபாயை எடுத்துக்கொண்டு போய், "இது கத்துக்குடுத்ததுக்கு" என்று சொல்லி தேவசகாயத்தின் கையில் வைத்துவிட்டு வந்தான்.

அந்த ஒரு தபா... அதுவும் அவர் வழி விட்டதுதானோ? கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.

நாற்பதில் பாக்கி, இருபத்தைந்து ரூபாய்.