காகத்தின் பழுப்பு உறை

அந்தப் புத்தகத்தின் உள் அட்டையில், மேல் மூலையில், பழுப்புத் தாளின் கிழிசல் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் செலோடேப் காய்ந்து தேன் நிறமாகிவிட்டது. சித்தப்பா இந்தத் தை மாதம் காலமானார். தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் அவர் இருந்த வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அவருடைய மகள் அதை அலுமாரியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். தொப்பி வைத்த கார்ட்டூன் காகம் ஒன்றின் வரலாறு அது. அதைத் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

எண்பதுகளின் நடுவில் சித்தப்பா தனியாக லண்டனுக்கு வந்தார். அப்போது மகளுக்கு ஐந்து வயது. யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தக் காகம் வரும்போதெல்லாம் அவள் அவர் மடியில்தான் இருப்பாளாம். சித்தி இடையில் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை கொழும்பில் பெரியம்மாவோடு வளர்ந்தாள். விசா கிடைத்து அவள் வருவதற்குள் ஆறு வருடங்கள் ஓடிவிட்டன. பெட்ரோல் நிலையத்து ஷிப்டுகள் அதற்குள் அவரை உருக்கியிருந்தன. தலை வழுக்கையாகிவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது. படம் அனுப்பச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்தார். ஒருநாள் தொலைபேசியில் பிள்ளை, "அப்பா, உங்கட முகம் எனக்கு மறந்துபோச்சு" என்றாள். அவர் ரிசீவரை வைத்த பிறகும் அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அடுத்த கிழமை அவளிடம் சொன்னார்: "நான் காகப் புத்தகம் ஒண்டை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு நிப்பன். நீதான் என்னைக் கண்டுபிடிக்கவேணும்."

நான் அப்போது லண்டனில் மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் நிபந்தனைகளாகப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். நல்ல வரலாற்று நூலில் ஆண்டுகள் தெளிவாக இருக்கவேண்டும், வரைந்தவர்களின் பெயர்கள் இருக்கவேண்டும், பழைய படங்களைப் புதிதாக வரைந்து ஏமாற்றக்கூடாது, தாள்கள் நூலால் தைக்கப்பட்டிருக்கவேண்டும். புத்தகக் கடையில் நான் பின்பக்கச் சொல்லடைவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "என்ன பிள்ளை, காகத்துக்குச் சாதகம் பாக்கிறியோ?" என்றார் சித்தப்பா.

அங்கே மூன்று நூல்கள் இருந்தன. ஒன்று பளபளப்பானது. ஆனால் பொம்மை விற்பனைக்காகவே அச்சடித்ததுபோல் முழுவதும் புதுக் காகம். இன்னொன்றில் நிறுவனத்தின் வழக்குகளும் பங்குதாரர்களும் இருந்தார்கள், காகத்தைத் தேடவேண்டியிருந்தது. மூன்றாவது என் நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. ஆனாலும் சித்தப்பாவுக்கு இருந்தது ஒரே கேள்விதான்: "நான் வெளிக்கிட்ட காலத்துக் காகம் இதில இருக்கோ?"

அதன் நடுவில் இரண்டு பக்கத்துக்கு விரியும் படம் ஒன்று இருந்தது. முதலில் வரைந்த காகம் தொடங்கி அன்றைய காகம் வரை எல்லாம் வரிசையாக நின்றன. தொடக்கத்தில் நீண்ட அலகும் மெலிந்த காலும். போகப்போக அலகு குறுகி, கண் பெருத்து, உடம்பு உருண்டுவிட்டது. தொப்பி மட்டும் மாறவில்லை. சித்தப்பா அந்த வரிசையில் ஒன்றின்மேல் விரலை வைத்தார். "இதுதான். இதுக்குப் பிறகு வந்ததுகளை அவளுக்குத் தெரியாது." பிறகு வரிசையின் கடைசி வரை விரலை மெல்ல நகர்த்தினார். அதையே வாங்கினோம்.

வேலையில் ஆள் வராத நேரங்களில் அதை வாசித்தார். கூட வேலை செய்த பெடியன் ஒருவன், "அண்ணை, கார்ட்டூன் படிச்சே பாஸ்போட் எடுக்கப்போறியள்" என்று பகிடி பண்ணினானாம்.

அவளைக் கூட்டிவர ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போன காலையில் புத்தகத்தைப் பழுப்புத் தாளில் உறை போட்டு, மூலைகளை மடித்து ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். புதுப் புத்தகத்தை உறை போடாமல் பிள்ளையின் கையில் கொடுப்பது அவரால் ஏலாத காரியம். எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் வீடுகளில் உறை இல்லாத புத்தகம்தான் கண்ணை உறுத்தும்.

விமானப் பணிப்பெண்ணோடு அவள் வெளியே வந்தாள். சித்தப்பா அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் கூப்பிடவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி அசையாமல் நின்றார். அவள் எங்கள் முன்னால் வந்தாள், அவரைப் பார்த்தாள், கடந்து போனாள். அவருடைய முகம் வெளிறிப்போனது. அவள் ஒவ்வொருவரின் கையாகத் தேடிக்கொண்டு போவதை அப்போதுதான் கவனித்தேன்.

"சித்தப்பா, அவள் காகத்தைத் தேடுறாள். உறை!"

புத்தகத்தின் மூலை மடிந்தாலே மனம் பொறுக்காத மனிதர், அத்தனை சனத்துக்கு நடுவில் அந்தத் தாளைப் பிய்த்தெறிந்தார். கிழிந்த சத்தத்தில் அவள் திரும்பினாள். மெதுவாக வந்து அட்டையைப் பார்த்தாள். "இது எங்கட காகம் இல்லை" என்றாள். அவர் அந்த வரிசைப் பக்கத்தை விரித்துப் பிடித்தார். அவள் குனிந்து தேடி, அவர் கடையில் விரல் வைத்த அதே காகத்தில் தன் விரலை வைத்தாள். கடைசிக் காகம் வரை பார்த்துவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"அப்பா, உங்கட தலைமயிர் எங்க?"

"லண்டன் குளிர் திண்டுட்டுது பிள்ளை" என்றார்.

இப்போது அவள் என்னைவிட உயரம். அந்தக் கிழிசலை ஹெயர் டிரையரின் சூட்டில் பசையை இளக்கி, அட்டைக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம் என்றேன். புது உறையும் போட்டுத் தருவதாகச் சொன்னேன்.

"உறை வேண்டாம் அக்கா. காகம் வெளியில தெரியட்டும்."

"அப்ப இந்தக் கிழிசல்?"

"அது அப்பா ஒட்டினது. கிடக்கட்டும்" என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.